நாற்பத்தொன்றாம் இடம்

டைட்டனில் அரசு ஊழியர்கள் தூங்கிக்கொண்டேதான் பணியில் சேர்வார்கள். பூமியில் தேர்வெழுதி, நியமன ஆணை வாங்கி, உறைதுயில் பெட்டியில் படுத்தால் போதும். இங்கே வந்து கண் விழிக்கும்போது நான்கு ஆண்டுப் பணிமூப்பு சேர்ந்திருக்கும்.

இளம்பரிதியின் பெட்டியைத் திறந்தவள் தில்லைநாயகி. பிராணவாயுத் துறையில் உதவியாளராகச் சேர்ந்து, குழாய்களில் பனி சுரண்டிப் பதவி உயர்வு பெற்ற கண்காணிப்பாளர். அவனும் அதே பதவிக்கு நேரடி நியமனம்.

"எந்திரிங்க சார். தூங்கியே நாலு வருஷ சர்வீஸ் ஆயிடுச்சு" என்றாள். அவன் வாயில் இன்னும் குழாய் இருந்தது.

அவள் பதவி உயர்ந்தது அவனுடைய ஆணைக்கு ஆறு மாதம் பிந்தி. ஆகவே பணிமூப்புப் பட்டியலில் அவன் 41, அவள் 42. உறங்கிய நாளைக் கழிக்கவேண்டும் என்று மனுப் போட்டாள். மனு நிலுவையில் இருக்கும்போதே அவனைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

"ஜூனியர்தான் டீ போடணும்" என்பான் அவன்.

"கேஸ் பெண்டிங்ல இருக்கு. நீங்களே போடுங்க."

அவன்தான் போடுவான். அப்படியே ஆறு ஆண்டுகள்.

போன மீத்தேன் மழையின்போது அவள் நுரையீரல் நின்றுபோனது. இப்போது ஒரு கோப்பைதான்.

இன்று இறுதிப் பட்டியல். இறந்தவர் பெயரும் அதில் நிற்கும். மாலைக்குள் ஆட்சேபம் சொல்லலாம். அவளை 41இல் வைத்துத் தன்னை 42க்கு இறக்கும்படி மனு எழுதினான்.

பக்கத்து மேசை செபஸ்தியான் எட்டிப் பார்த்தார். "யோவ், போனவங்களுக்கு எதுக்குய்யா சீனியாரிட்டி?"

"அவ கேட்டா."

செபஸ்தியான் தன் கோப்புக்குத் திரும்பினார்.

மனுக்களைத் தீர்ப்பது மூப்புநிர்ணயி என்னும் எந்திரம். முந்நூறு ஆண்டுகளாக அரசு ஊழியர்கள் எழுதிய அத்தனை மனுக்களையும் படித்துத் தேறியது. ஒரு நொடியில் பதில் வந்தது.

'தன்னைக் கீழிறக்கக் கோரிய மனு இதுவரை ஒன்றுகூட இல்லை. எனவே பெயர்கள் இடம் மாறிய எழுத்துப்பிழை எனக் கொண்டு, தங்கள் மனு திருத்தி ஏற்கப்பட்டது. எவரும் எதிர்க்காததால் இன்று காலை தில்லைநாயகியின் மனுவை ஏற்றுப் பிறப்பித்த ஆணை, தங்கள் எதிர்ப்பைக் கருதி ரத்து செய்யப்படுகிறது. 41: இளம்பரிதி. பட்டியல் இறுதியானது. வாழ்த்துகள்.'

இரண்டு முறை படித்தான். எழுந்துபோய்த் தேநீர் போட்டான். பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்துவிட்டிருந்தான்.