அழைப்பிதழில் இல்லாத ஆட்டம்

காலைப் புழுதிப்புயல் ஓய்ந்ததும் செவ்வாயின் கல்லூரி மாணவர்கள் வழக்கம்போல் காற்றுப்பையை மாட்டிக்கொண்டு குவிமாட மைதானத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே கால்பந்துக்குள் ஈயத்தூள் அடைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரே உதையில் பந்து கூரைக்குப் போய்விடும்.

ஆட்ட ஏற்பாட்டு அதிகாரி பூங்கோதைக்கு அன்று பந்தைப் பற்றிக் கவலையில்லை. வடதுருவக் கல்லூரிகள் ஓர் அணி, பள்ளத்தாக்குக் கல்லூரிகள் ஓர் அணி. இரண்டும் மோதிப் பதினோரு வருடமாகிறது. இந்த வருடமும் மோதாவிட்டால் மைதானம் தக்காளித் தோட்டமாகிவிடும் என்று வேளாண் துறை சொல்லிவிட்டது. மாலை ஐந்துக்குள் இரு அணிகளின் சங்கத் தலைவர்களும் விழா அழைப்பிதழுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அட்டவணை போடும் இயந்திரத்துக்கு நிரலி என்று பெயர். நாற்பத்திரண்டு கல்லூரிகளின் தேர்வுகள், புயல்கள், ரயில் நேரம், கையிருப்பு ஆக்சிஜன் எல்லாவற்றையும் நான்கு விநாடியில் அலசி ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தது. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

“தேதி சரிம்மா. அழைப்பிதழ்ல எங்க பேரு ரெண்டாவதா இருக்கே?” என்றார் திரையில் வடதுருவத் தலைவர் வேதாசலம்.

நிரலி பெயர்களை வட்டமாக அச்சடித்தது.

“வட்டத்துல எங்க பேரு தலைகீழா தெரியுதே!” என்றார் பள்ளத்தாக்குத் தலைவர் இருதயராஜ்.

“அழைப்பிதழ் தானே சுழலும்படி செய்துவிட்டேன், ஐயா” என்றது நிரலி. அந்தப் பொறுமைக்கே அதற்குச் சிலை வைக்கலாம். பிறகு வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, பேருரை என்று இருவரும் கேட்டதையெல்லாம் சேர்த்தது. ஐந்துக்குச் சற்று முன்பு கையெழுத்தாயிற்று.

பூங்கோதை நிகழ்ச்சி நிரலைப் படித்தாள். பத்து மணிக்குத் தலைவர்கள் வருகை. அடுத்த வரி குத்துவிளக்கு. கடைசி வரி நன்றியுரை. கால்பந்து எங்கேயும் இல்லை.

“நிரலி, ஆட்டம் எங்க? இதுக்காகத்தானே இவ்ளோ பாடுபட்டேன்!” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“முதல் வரியில் இருக்கிறது, மேடம். பூமியிலும் இங்கும் நடந்த எண்பதாயிரம் விழாக்களை ஆராய்ந்தேன். போட்ட நேரத்துக்கு எந்தத் தலைவரும் வந்ததில்லை. இங்கே இருவர். மற்றவர் வராமல் இவர் வரமாட்டார். எப்படியும் ஒரு மணி ஐம்பது நிமிடம் கிடைக்கும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.”

விழா நாளில் பத்து மணிக்கு விசில் ஊதினார்கள். இடைவேளையில் பூங்கோதை வெளியே எட்டிப் பார்த்தாள். கிழக்கு வாசலில் ஒரு கார், மேற்கு வாசலில் ஒரு கார். இரண்டிலும் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. அவள் சத்தம் போடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு அழகான ஆட்டத்தை அவள் பார்த்ததேயில்லை. மூன்றுக்கு மூன்று என்று ஆட்டம் முடிந்தது. வேளாண் அதிகாரி எழுந்து நின்று கைதட்டிவிட்டு, தோட்டம் போடும் உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

மாணவர்கள் வியர்வையோடு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது இரு வாசல்களும் ஒரே நொடியில் திறந்தன.

“தலைவர்கள் மிகச் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்!” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது நிரலி.

அரங்கமே எழுந்து கைதட்டியது. இருவரும் பூரித்துப்போய்க் கும்பிட்டார்கள்.