உதடு நனைக்கும் நீர்

கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருந்தது.

ஹருமுனே அதைக் கீழே வைத்தபோது விளிம்புவரை இருந்தது. ஒரு வாய்கூட அவன் குடிக்கவில்லை. இப்போது பாதிதான் இருந்தது. கிண்ணத்தைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தான். விரிசல் இல்லை. கீழே கோரைப்பாயும் உலர்ந்தே கிடந்தது. வெளியே இலையுதிர்கால மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மரக்கதவுகளை அடைத்த பிறகும் ஈரமண் வாடையும், எரிந்து முடிந்த ஊதுபத்தியின் சாம்பல் வாடையும், அவற்றுக்கு அடியில், பழைய இரும்பை நாக்கில் வைத்தது போன்ற இன்னொரு வாடையும் அறைக்குள் தங்கியிருந்தன. அந்த மூன்றாவது வாடை எதிரே பலகைமேல் இருந்த தலையிலிருந்து வந்தது.

தமோனின் தலை. அவன் அப்பாவைக் கொன்றவனின் தலை.

இளவேனிலில் ஆற்றுத்துறைச் சண்டையில் அப்பா விழுந்தார். அந்த நாளிலிருந்து ஹருமுனே இந்தத் தலைக்காகத்தான் சாப்பிட்டான், இதற்காகத்தான் தூங்கினான். அப்பாவின் தலையைத் தமோன் திருப்பி அனுப்பியிருந்தான். கழுவி, தலை சீவி, முடிக்கு வாசனைப் புகை காட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தான். உதடுகளில்கூட ஈரம் இருந்தது. எதிரியாக இருந்தாலும் மனிதன் என்று கோட்டையின் துறவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹருமுனேவுக்கு அது பொறுக்கவில்லை. என் அப்பாவைப் பொம்மைபோல் அலங்கரித்து அனுப்பினான் என்றே அவன் மனதில் பதிந்தது.

ஹருமுனேவின் மலைக்கோட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. சண்டையில் எடுத்த தலை யாருடையதாக இருந்தாலும், பெண்கள் அதை வெந்நீரில் கழுவி, முடி சீவி, உதட்டில் இரண்டு சொட்டு நீர் விட்டு, பிறகுதான் பிரபுவான அப்பாவின் முன்னால் வைப்பார்கள். ஒவ்வொரு தலைக்கும் அப்பா கைகூப்புவார். "இவனுக்கும் வீட்டுல யாரோ சோறாக்கி வச்சிக்கிட்டுக் காத்திருப்பாங்கடா" என்பார்.

இன்று அந்த வழக்கத்தை ஹருமுனே நிறுத்திவிட்டான்.

மதியம் ஜென்சுகே என்ற வீரன்தான் தலையைக் கொண்டுவந்தான். சேற்றில் விழுந்த தலை. களிமண்ணும் ரத்தமும் முகம் முழுவதும் அப்பி முகமூடிபோல் காய்ந்திருந்தன. பக்கத்தில் தமோனின் மான்கொம்புத் தலைக்கவசம்.

"ஒரே மூடுபனிங்க சின்னய்யா" என்றான் ஜென்சுகே. "பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சிகூடத் தெரியல. ஆனா இந்தக் கொம்பு தெரிஞ்சுது. இத எங்க பாத்தாலும் தெரியும்ல?"

"சண்டை போட்டானா?"

"எங்க போட்டான்! கையத் தூக்கி ஆட்டினான். என்னப் பாத்துப் பல்லக் காட்டிச் சிரிச்சான் சின்னய்யா. என்ன திமிரு பாருங்க! சிரிச்சு முடிக்கறதுக்குள்ள வேலைய முடிச்சிட்டேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஹருமுனேவும் சிரித்தான். தலையைத் தன் அறையில் அப்பாவின் பெயர் பொறித்த நினைவுப்பலகைக்கு எதிரே வைக்கச் சொல்லிவிட்டு, காவலர்களை அனுப்பிவிட்டான். இந்த மகிழ்ச்சியை அவன் ஒரே ஒருவனோடுதான் பகிர்ந்துகொள்ள விரும்பினான். மொசுகேயோடு. ஒரே முலையில் பால் குடித்து அவனோடு வளர்ந்தவன் மொசுகே. பால்தாய் சாயோவின் ஒரே மகன். "தமோன் கவசத்தக் கழட்டாம திரும்ப மாட்டேன்" என்று விடியலில் சிரித்துக்கொண்டே போனவன் இன்னும் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சாயோ வெந்நீர் வாளியோடு வந்து வாசற்படிக்கு வெளியே மண்டியிட்டாள்.

"சின்னய்யா, மூஞ்சியக் கழுவி, தல சீவி விட்டுடறேன். கொஞ்ச நேரந்தான்."

"வேண்டாம் ஆயா."

"உங்கப்பா இருந்தா..."

"அப்பா இருந்தா இந்தத் தலை எதுக்கு இங்க?"

அவள் தணிந்த குரலில், "சரி, கழுவ வேண்டாம். உதட்டுல ரெண்டு சொட்டுத் தண்ணி மட்டும் விடறேன். தாகத்தோட யாரும் போகக் கூடாது. யாரு பெத்த புள்ளையோ" என்றாள்.

"தாகத்தோடயே போகட்டும். சேத்தோடயே கிடக்கட்டும். மொசுகே வந்து பாக்கணும்."

"அவன் மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பான், சோம்பேறிப் பய. பசிச்சா தானா வருவான். வந்தா முதல்ல எங்கிட்ட அனுப்புங்க, துணியெல்லாம் நனைஞ்சிருக்கும்." எழுந்தவள் வாளியை அங்கேயே விட்டாள். "இது இங்கயே இருக்கட்டும். மனசு மாறினா நீங்களே விடலாம்."

அவன் கதவை இழுத்து மூடினான்.

இரண்டு சொட்டு நீர். அதைக் கொடுப்பதற்கு வீரம் வேண்டாம், செல்வம் வேண்டாம், மன்னிக்கக்கூட வேண்டாம். விரல் நுனியை நனைத்தால் போதும். அவ்வளவு சிறியதாக இருந்ததால்தானோ என்னவோ, அதை மறுத்தது அவனுக்குப் பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

இப்போது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எலியாக இருக்கும் என்று நினைத்தான். விளக்கைத் தூண்டிவிடத் திரும்பினான். அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

சப்.

மழைச் சத்தம் அல்ல. கூரை ஒழுகும் சத்தமும் அல்ல. ஈரமான, மெல்லிய, திருப்தியான சத்தம். அதை எங்கோ கேட்டிருக்கிறான். எங்கே என்று தெரியவில்லை. நினைவு தொடங்குவதற்கும் முன்னால், இருட்டும் வெதுவெதுப்புமாக இருந்த ஏதோ ஓரிடத்தில், தன் காதுக்கு மிக அருகில் கேட்ட சத்தம்.

திரும்பினான். கிண்ணம் காலி.

தலை அசையவில்லை. மண் அப்பிய இமைகள் மூடியே இருந்தன. ஆனால் உதடுகளைச் சுற்றியிருந்த களிமண் மட்டும் நிறம் மாறிக் கறுத்திருந்தது. ஈரம். அதிலிருந்து ஒரு சொட்டு தாடை வழியாக இறங்கி, சேற்றில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டுப் பலகையில் விழுந்தது.

அவன் நினைவுப்பலகையின் முன்னால் இருந்த பூச்சாடியைப் பார்த்தான். காலையில் வைத்த சாமந்தி தலை தொங்கிக் கருகியிருந்தது. சாடியைக் கவிழ்த்தான். ஒரு துளியும் விழவில்லை.

கெண்டியில் இன்னும் தண்ணீர் இருந்தது. அதைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தலையின் எதிரே வந்து உட்கார்ந்தான். அருகிலிருந்து பார்த்தபோது அந்த முகம் சின்னதாகத் தெரிந்தது. களைத்துப்போன முகம். சாயோ சொன்னது நினைவுக்கு வந்தது. யாரு பெத்த புள்ளையோ. அவன் விரலைத் தண்ணீரில் நனைத்தான். விரல் அந்த உதட்டுக்கு அருகில் போனது. ஒரு அரிசி அகலம்தான் மிச்சம்.

அப்போது, வெள்ளைத் துணிக்குள் சீவி முடித்திருந்த அப்பாவின் தலைமுடி அவன் கண்முன் வந்தது.

கையை இழுத்துக்கொண்டான். "தாகமா இருக்கா?" என்றான். "இந்தா, பாரு." தலையின் கண்ணெதிரே கிண்ணத்தைச் சாய்த்து, தண்ணீர் முழுவதையும் கணப்புச் சட்டியின் தணல்மேல் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி எழுந்து அறையை நிறைத்தது. அந்த வெள்ளைப் புகைக்குள் அவன் சிரித்தான்.

புகை கலைந்தபோது தலையின் கண்கள் திறந்திருந்தன.

அவை அவனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தன. கதவுக்கு அப்பால் இருந்த வாளியை.

சப். சப். சப்.

இப்போது சத்தம் வெளியிலிருந்து வந்தது. பெரிய பெரிய மடக்குகள். வாளி பலகைத்தரையில் லேசாக ஆடிய சத்தமும் கேட்டது. ஹருமுனே எழ முயன்றான். கால்கள் கேட்கவில்லை. அவன் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டை காய்ந்தது. கண்கள்கூட உலர்ந்து எரிந்தன. அறையிலிருந்த ஈரமெல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. உடைக்குள் வழிந்த வியர்வையும்கூட.

தலையின் வாயிலிருந்து நீர் வழிந்தது. மண் கரைந்தது. முதலில் தாடை. பிறகு உதடு. மேலுதடு சற்று விலகியது.

முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

அந்தப் பல்லை உடைத்தவன் ஹருமுனேதான். சின்ன வயதில், மரவாளால். வாயெல்லாம் ரத்தமாக நின்றுகொண்டு, "நாந்தான் விழுந்துட்டேன்" என்று அவனுக்காகப் பொய் சொன்னவன் மொசுகே.

தமோனை வென்றவன் மொசுகே. விளையாட்டாக அந்த மான்கொம்புத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு திரும்பியிருப்பான். அவன் அப்படித்தான். மூடுபனியில் தன் ஆள் ஜென்சுகேயைக் கண்டதும் கையை ஆட்டியிருப்பான். பல்லைக் காட்டிச் சிரித்திருப்பான்.

ஒரு வாளி வெந்நீரில் கழுவியிருந்தால் மதியமே தெரிந்திருக்கும்.

வெளியே காலடிச் சத்தம்.

"ஆயா, உள்ள வராதே!" வார்த்தை வரவில்லை. காற்றுதான் வந்தது.

"சின்னய்யா?" சாயோவின் குரல். "மொசுகே வந்துட்டானா? அம்மான்னு கூப்பிட்டானே. அடுப்பங்கரை வரைக்கும் கேட்டுது."

கதவு நகர்ந்தது. அவள் மழையில் நனைந்து வந்திருந்தாள். கக்கத்தில் எதையோ இடுக்கியிருந்தாள். காலி வாளியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

அவள் அலறவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. பலகையருகே உட்கார்ந்து, ஈரமான சட்டைக்கையால் அந்த முகத்தைத் துடைத்தாள். நெற்றி. இமை. காது மடலின் பின்புறம். குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுவதுபோல் ஒன்றையும் விடாமல் துடைத்தாள். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு தாகம் பாருங்க, என் தங்கத்துக்கு."

அவள் ஹருமுனே பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு நினைவிருக்காது" என்றாள். குரல் எப்போதும்போல் அன்பாகவே இருந்தது. "நீங்க குடிச்சு முடிச்சப்புறந்தான் இவனுக்கு. மிச்சம் இருந்தாத்தான். அழவே மாட்டான். உங்களப் பாத்துக்கிட்டே காத்திருப்பான்."

விளக்கு ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. அவள் இடுப்புப் பட்டையைத் தளர்த்தினாள். மேலாடையை விலக்கினாள். தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சப். சப். சப்.

இப்போது தெரிந்தது. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டான் என்று.

"இன்னைக்கு இவன் முதல்ல" என்றாள் சாயோ. "நீங்க காத்திருங்க."

அவள் மெல்ல முன்னும் பின்னும் ஆடினாள். ஒரு கையால் மொசுகேயின் முடியைக் கோதினாள். மறு கையால், கக்கத்தில் கொண்டுவந்ததை எடுத்து ஹருமுனேவின் முழங்காலுக்கு முன்னால் வைத்தாள். புதுப் பலகை. கழுவித் துடைத்தது. நடுவில் தலையைச் செருகும் ஆணி.

"இவன்தான் கொண்டாரச் சொன்னான். பயப்படாதீங்க சின்னய்யா. உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். வெந்நீர்ல கழுவி, தல சீவி, உதட்டுல ரெண்டு சொட்டுத் தண்ணியும் விடுவேன்."

சத்தம் நின்றது.

அவள் மடியில் அந்தத் தலை மெதுவாகத் திரும்பியது. உதடுகள் வெள்ளையாக நனைந்திருந்தன. உடைந்த பல் தெரிய அவனைப் பார்த்துச் சிரித்தது. காத்திருந்தது.