குழாய்த் தடுப்புக்கு அப்பால்

1996 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை. காலை பத்தேகால்.

கணபதி என்னும் புறநகரில் இருந்த ரப்பர் ரோலர் தொழிற்சாலையில் நீராவி அடங்கியபோது ராசம்மாள் இறந்து கிடந்தாள். பாய்லர் குழாய் வெடித்திருந்தது. வெடிப்பதற்கு முன் அபாய விசில் ஊதியது. கூடத்தில் இருந்த எல்லோரும் வெளியே ஓடித் தப்பினார்கள். ராசம்மாள் மட்டும் ஒதுக்குப்புற அறையில் ரோலர்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே வெளிக்கதவு, திறந்தபடி. ஆனால் அவள் கதவை விட்டு விலகி, நீராவி வந்த கூடத்தின் பக்கமாக நடந்து வந்து விழுந்திருந்தாள்.

தூங்கியிருப்பாள், இல்லாவிட்டால் காது மந்தம் என்றார் முதலாளி சுந்தரராஜுலு.

பிணவறை வாசலில் கணவன் வேலன் சப் இன்ஸ்பெக்டர் சாஜிதா பேகத்திடம் ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"என்ற ஊட்டுக்காரிக்குக் காது நல்லாக் கேக்குமுங்க. அந்த மெஷின் சத்தம் தாங்காமத்தான் அவளுக்குத் தலைவலியே."

அந்தத் தலைவலிக்காகத்தான் தொழிற்சாலை இஞ்சினியர் பாலகோபால் ஒரு தடுப்பை அமைத்திருந்தான். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. தரையிலிருந்து கூரை வரை இரும்புக் குழாய்கள், கையகல இடைவெளியில், அப்பால் இருப்பது தெரியாத அளவுக்கு வரிசை வரிசையாக நின்றன. வெளிநாட்டு ஆய்விதழ்களைப் படித்துச் செய்தது. இடைவெளிக்கு ஏற்ற ஒரு சுருதி மட்டும் அதைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும்; காற்றும் பேச்சும் தாராளமாகப் போகும். கிரைண்டிங் மெஷினின் கீச்சொலி அப்படித்தான் நின்றுபோனது. திங்களன்று டெல்லியிலிருந்து அதிகாரிகள் அந்தத் தடுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது.

விசில் ஊதியதும் உள்ளே ஓடியவன் பாலகோபால் ஒருவன்தான். அவள் பெயரைக் கூவிக்கொண்டே ஓடினான் என்று தொழிலாளிகள் கண்கலங்கச் சொன்னார்கள். இரண்டு கைகளும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

சனிக்கிழமை சாஜிதா அந்த அறைக்குள் போய் நின்றாள். கூடத்தில் கான்ஸ்டபிள் செய்தித்தாளைப் படித்தார். வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. பிறகு விசிலை ஊதச் சொன்னாள். எங்கோ ஒரு கொசு பறப்பது போல இருந்தது. விசிலுக்கும் மெஷினுக்கும் ஏறக்குறைய ஒரே சுருதி.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து என்றார் சுந்தரராஜுலு.

"ஒருத்தருக்குத் தெரியும்" என்றாள் சாஜிதா.

ஆஸ்பத்திரியில் பாலகோபாலுக்குப் பக்கத்தில் வேலன் உட்கார்ந்திருந்தான். மனைவியைக் காப்பாற்றப் போய் வெந்தவர் என்று, இரவெல்லாம் அவன்தான் தண்ணீர் புகட்டியிருந்தான். சாஜிதா அவனை வெளியே போகச் சொன்னாள். அவன் நகரவில்லை. அவள் பாலகோபால் பக்கம் திரும்பினாள்.

"விசில் ஊதினதும் எல்லாரும் வெளிய ஓடினாங்க. ராசம்மாளுக்கும் கேட்டிருக்கும், பின்னாடி கதவு வழியாப் போயிருப்பாங்கன்னு நெனச்சாங்க. நீங்க மட்டும் ஏன் உள்ள ஓடினீங்க?"

பாலகோபால் கண்களை மூடிக்கொண்டான்.

"அவங்களுக்குக் கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் மறுக்கவில்லை. போன வாரம் அங்கே நின்று சோதித்தபோதே தெரிந்துவிட்டதாம். சொன்னால் திங்களுக்கு முன் முதலாளி குழாய்களைப் பிரித்துவிடுவார். அதிகாரிகள் போனதும் அந்த அறையில் இன்னொரு விசில் வைத்துவிடலாம் என்று இருந்தானாம்.

"வெளிய போங்கன்னு சொல்லியிருக்கணுமுங்க. பதட்டத்துல பேரை மட்டும்தான் கூப்பிட்டேன்."

ராசம்மாள் ஏன் கதவை விட்டுவிட்டு வந்தாள் என்பது சாஜிதாவுக்கு அந்த அறையில் நின்றபோதே பிடிபட்டிருந்தது. விசிலைத் தடுத்த குழாய்கள் அவன் குரலைத் தடுக்கவில்லை. அதை வேலன் முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேலனே கேட்டான்.

"நீங்க கூப்பிட்டது அவளுக்குக் கேட்டுதுங்களா?"

பாலகோபால் வேலனைப் பார்த்துச் சொன்னான்.

"கேட்டுச்சுங்க. 'வாரேனுங்க'ன்னு சொன்னாங்க."

வேலன் எழுந்தான். எங்கே போவதென்று தெரியாமல் அறையின் நடுவே நின்றான். சாஜிதா அவன் தோளைத் தொட்டு மறுபடி உட்காரவைத்தாள். அதன் பிறகுதான் கைது செய்வதாகப் பாலகோபாலிடம் சொன்னாள்.