சூடாக்கிப் பார்க்காமல்

திரையில் பதினொன்றாக இருந்த எண் பன்னிரண்டானது.

ஞாயிறு மதியம், கீழ்த்தளத்து ஆராய்ச்சி அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். வெளியே பெய்த மழையின் சத்தம் குழாய்கள் வழியாக மட்டும் இறங்கி வந்தது. அணைக்க மறந்த கணினியை அணைக்க வந்தவள் அப்படியே நின்றாள். தம்பியின் உடம்புக்குள் வைத்த வெப்பமானி இன்னும் எண் அனுப்பிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அவன் பிணவறைப் பெட்டியில் கிடக்கிறான். அங்கே எண் இறங்கத்தான் வேண்டும்.

பெட்டி பழுதாகியிருக்கும். பிணவறைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மூணாம் பெட்டி ஓடுதா?"

"ஜோரா ஓடுது டாக்டரம்மா. கையை விட்டா வெறைக்குது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

பதினாறு.

விபத்துப் பிரிவில் அவளுடைய ஆராய்ச்சிக்கு நல்ல பெயர். ரத்தமெல்லாம் கொட்டி, இதயம் நின்று வருகிறவர்களின் உடம்பில் குளிர்ந்த உப்புநீரை ஏற்றிப் பத்து டிகிரிக்கு இறக்கிவிட்டால், கிழிந்ததைத் தைக்க அவகாசம் கிடைக்கும். தைத்தபின் சூடேற்றும் இயந்திரத்தில் போட வேண்டும். 'சூடாக்கிப் பார்க்காம யாரையும் செத்துட்டான்னு சொல்லாதீங்க' என்று மாணவர்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறவள் அவள்தான். நேற்று லாரி மோதி வந்தவன் சொந்தத் தம்பி. அவனைத் தைத்து முடித்தபோது, பிழைக்க அதிக வாய்ப்புள்ள ஒரு பெண் வந்துவிட்டாள். இருந்ததோ ஒரே இயந்திரம். அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து கிடந்த தம்பியைச் செத்துவிட்டான் என்றாள். அந்தப் பெண்ணும் விடிவதற்குள் போய்விட்டாள்.

அதோடாவது விட்டாளா? குளிரவைத்த இதயம் ஒன்று ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது. அவன் சாவு வீணாகக் கூடாது என்று தன்னையே தேற்றிக்கொண்டு, அம்மாவிடம் போனில் சம்மதம் கேட்டாள். "எடுத்துக்கோம்மா. ஆனா அவன் குளிர் தாங்க மாட்டான், ஒரு போர்வை போத்தச் சொல்லு" என்றாள் அம்மா. எடுத்தவள் அவளேதான். ஆராய்ச்சி அறை அலமாரியில், அந்த இதயம் இருந்த ஜாடியின் பெயர்ச்சீட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

இருபத்து நான்கு.

மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் ஸ்டெதஸ்கோப் வாங்கியதும் அவனைப் படுக்க வைத்துத்தான் பழகினாள். வாண்டுப் பயல், மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பான்: "துடிக்குதா அக்கா? இல்லன்னா நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு."

இருபத்தொன்பது. உயிரோடு இருக்கிறான் என்று ஒரு கணம் நெஞ்சு பொங்கியது. உடனே ஜாடியைப் பார்த்தாள். அது அசையாமல் இருந்தது.

ஓடினாள். பினாயிலும் ஈரச் சுவரும் சேர்ந்து நாறிய அந்த நீண்ட நடைபாதையில், அவள் செருப்புச் சத்தத்துக்கும் குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்கும் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. தகரத்தை விரலால் தட்டுகிற சத்தம். மெதுவாக. விடாமல்.

பிணவறை அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. டீ குடிக்கப் போயிருப்பார். கதவு திறந்தே கிடந்தது.

தட்டல் நின்றது.

மூன்றாம் பெட்டி. பிடியை இழுத்தாள். குளிர் முகத்தில் அடித்தது. அந்தக் குளிரிலும் வெள்ளைத் துணியிலிருந்து ஆவி எழுந்தது. அதை விலக்க அவளுக்குக் கை வரவில்லை.

துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தது. காய்ச்சல்காரன் கைபோலச் சூடு. இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

அது அவள் உள்ளங்கையை அவன் மார்பில், அவளே போட்ட தையல்மேல் வைத்து அழுத்தியது. தோல் உள்ளே அமுங்கியது. அடியில் ஒன்றுமில்லை.

துணிக்குள் மூச்சு அடங்கியது. காத்திருந்தது.

"துடிக்குதா அக்கா?"