சுவருக்குள் யார்?

வீட்டில் அவளை 'முந்திரிக்கொட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வாயைத் திறந்தாலும் மீதியை அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அப்பா தும்முவதற்கு வாயைத் திறந்தால்கூட, "கண்ணாடி மேசைமேல இருக்குப்பா!" என்பாள். பாவம், தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு சிறுமி குடிவந்தாள். முந்திரிக்கொட்டையின் வகுப்புதான். ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துப் பேசுகிறவள்.

"எங்க வீட்டுச் சுவத்துக்குள்ள..."

"பல்லியா?"

"இல்ல, அதுக்குள்ள..."

"அப்ப எலிதான்! எங்க வீட்லயும் இருந்துச்சு. எங்கப்பா கட்டில்மேல ஏறி நின்னு..."

எலிக் கதை முடிந்து பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரியின் கண்கள் கலங்கியிருந்தன.

"யாருமே முழுசா கேக்க மாட்டேங்கறீங்க. நாளைக்கு மேஸ்திரி வந்து அடைச்சிடுவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முந்திரிக்கொட்டைக்கு முகம் சுருங்கிப்போனது. கூடவே மண்டையும் குடைந்தது. எதை அடைப்பார்? சுவருக்குள் என்னதான் இருக்கும்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மறுநாள் பல் துலக்கியதும் துலக்காததுமாக ஓடினாள்.

"எனக்கு நிஜமாவே தெரியல. நீயே சொல்லேன்."

பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கொல்லைப்புறச் சுவருக்குக் கூட்டிப்போனாள். அங்கே சின்ன ஓட்டை. அதிலிருந்து மெழுகுக் குழாய் ஒன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"காத வை."

வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள்.

அப்போது கேட்டது. ம்ம்ம்ம்ம்... சுவர் முழுக்க உயிரோடு இருந்தது! அவளுக்கு மெய்சிலிர்த்தது.

"யாரு அது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"கொசுத்தேனீ. கொட்டாது... கொடுக்கே கிடையாது."

முந்திரிக்கொட்டையின் நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது அவங்க வாசல். ராத்திரி ஆனா... மெழுகால மூடிக்குவாங்க. காலையில திறப்பாங்க."

கதவு வைத்துக்கொண்டு வாழ்கிற பூச்சிகளா! இத்தனை நாளும் பக்கத்து வீட்டிலேயேவா! அவள் மறுபடியும் சுவரில் காதை வைத்தாள்.

அதற்குள் மேஸ்திரி சிமென்ட் சட்டியோடு வந்துவிட்டார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரியின் அப்பா.

"மாமா, அந்த ஓட்டையில..." என்று ஆரம்பித்தாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ரெண்டே நிமிஷம் பாப்பா, அடைச்சிடறேன்." மேஸ்திரி கரண்டியை ஓங்கினார்.

"நில்லுங்க மாமா!"

முந்திரிக்கொட்டையின் சத்தம் தெருவுக்கே கேட்டது. கரண்டி அந்தரத்தில் நின்றது. தேனீ, மெழுகு, கதவு எல்லாம் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அப்படியே விழுங்கினாள்.

"இவ ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசக் கூடாது."

மதிலுக்கு அந்தப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த முந்திரிக்கொட்டையின் அம்மா, தன் காதையே நம்பவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தார். அவள் அப்பாவும் வைத்தார்.

"அடேயப்பா!" என்றார் மேஸ்திரி, மெல்லிய குரலில். "ஆளு உள்ள இருக்கறப்ப கதவ அடைக்கலாமா?"

சுற்றியிருந்த விரிசலை மட்டும் பூசிவிட்டு, அந்தக் குட்டி வாசலை அப்படியே விட்டார்.

முந்திரிக்கொட்டை இன்னும் சுவரை விட்டு நகரவில்லை. தோழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.