நூறு கிலோ நடை

அமைச்சரவைக் கூட்டத்துக்குள் கோப்புக்கு முன்னால் மெய்வாங்கி வந்துவிடும். பார்க்க மழைக்கோட்டு மாதிரி இருக்கும். வேலை செய்கிறவன் முதுகில் பட்டை கட்டினால், அவன் படுகிற பாடு அப்படியே கோட்டு மாட்டிய அமைச்சரின் உடம்பில் இறங்கும். தொழிலாளியின் வலியை நேராக அளந்தால் நடிக்கிறான் என்பார்கள். அதனால் அமைச்சரின் மனதைத்தான் அது அளந்தது. அவர் மனம் துன்பப்பட்டால் சிவப்பு விளக்கு, சட்டம் செத்தது. பச்சை என்றால் நிறைவேறியது.

இந்த முறையைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தவர் தொழிலாளர் அமைச்சர் தனகோட்டி. துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அன்றைக்கு மூட்டை நூறு கிலோ. அதை ஐம்பதாகக் குறைக்க வைத்ததும் அவர்தான்.

மறுபடி நூறாக்க வேண்டும் என்று இன்றைக்கு உணவு அமைச்சர் கேட்டார். "தூக்குற மெஷினுக்கு கரண்ட் பில் கட்டி மாளலை. ஆளுங்கதான் மலிவு."

சங்கம் அனுப்பிய ஆள் எத்திராஜ். தனகோட்டியோடு ஜோடி போட்டுத் தூக்கியவன், இன்னும் தூக்குகிறான். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"நூறு வந்தா நான் வூட்ல குந்திக்க வேண்டியதுதான்," என்றான் தனகோட்டியின் காதோரம். "அந்தக் கோட்ட வேற எவனும் மாட்டிக்கக் கூடாது. நீயே மாட்டு. உனுக்குத்தான் வலி தெரியும்."

"பயப்படாத மச்சான். ரெண்டு எட்டு வையி, செவப்பு எரியும்."

"மொதல்ல பட்டன் போடு பாப்போம். இன்னா தொப்பைடா."

எத்திராஜின் முதுகில் பட்டையைக் கட்டி, இரண்டு பேர் நூறு கிலோ மூட்டையை ஏற்றிவிட்டார்கள். எத்திராஜ் சுவரோரமாக நடந்தான்.

தனகோட்டியின் பிடரியில் பாரம் இறங்கியது. முழங்கால் பிளந்தது. மூச்சு அடைத்தது. அப்புறம் மூக்கில் சணல் நெடி ஏறியது. லாரியிலிருந்து கிடங்குக்குப் போட்ட பலகை காலுக்கடியில் ஆடியது. பின்னால் ஒருவன் கெட்ட வார்த்தையில் பாட்டுக் கட்டினான். ஒரு பன்னீர் சோடாவை நாலு பேர் குடித்தார்கள். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. அவருக்கு இருபத்திரண்டு வயது. பதினைந்து வருடமாகக் கார்க்கதவைக்கூடத் திறந்திராத கை, மூட்டை இழுக்கும் கொக்கியைத் தேடி மடங்கியது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் இந்தப் பாரத்தை. அன்றைக்கு அப்படி முடியாது. அது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

பச்சை எரிந்தது.

விளக்குப் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

முதல்வர் குனிந்து பார்த்தார். "அண்ணே, கண்ணுல தண்ணி வருதே. வலிக்கலையா?"

"வலிக்குதும்மா," என்றார் தனகோட்டி, சிரித்தபடி.

முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

எத்திராஜ் மூட்டையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவன் கால் நடுங்கியது. நாற்காலியில் அமைச்சரின் காலும் நடுங்கியது. கோட்டைக் கழற்ற வந்த ஊழியரின் கையை அவர் விலக்கினார்.

"மச்சான்," என்றார், கண்ணைத் திறக்காமல். "இன்னொரு நடை போயேன்."