கிணற்றடியில் நின்ற சிறுமி

நேற்றுவரை அந்தச் சிறுமி முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருந்தாள். இன்று முகம் தெரிந்தது.

நூற்றைம்பது வருஷத்துப் பென்சில் ஓவியம். மேலே மடிப்பு மடிப்பாக மலை, அடிவாரத்தில் ஓட்டு வீடுகள், கிணற்றடியில் நகக்கண் அளவுக்கு அவள். அருங்காட்சியகத்துப் பழைய காகிதங்களில் படிந்த அழுக்கை ரப்பரால் ஒற்றி எடுப்பது, மேஜையில் குனிந்திருந்த இந்த அம்மாவின் பிழைப்பு. மகளுக்குக் காய்ச்சல் என்பதால் படத்தை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். சாயங்கால மழை ஜன்னல் தகரத்தில் சடசடவென்று விழ, அடுத்த அறையிலிருந்து தைல வாடையும் பிள்ளையின் இருமலும் மாறி மாறி வந்துகொண்டிருக்க, மேஜை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அந்தத் துளி முகம் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, அந்தப் பாப்பா என்னைக் கூப்பிடறா."

"எந்தப் பாப்பா?"

"கிணத்துக்கிட்ட நிக்கிறாளே, அவதான்."

மகளுக்கு அந்தப் படத்தை அவள் காட்டியதே இல்லை.

"அவளும் இல்ல, இவளும் இல்ல. பேசாம தூங்குடி தங்கம்!"

குனிந்து பார்த்தாள். கிணற்றடி காலியாக இருந்தது. சிறுமி ஊரைத் தாண்டி, காகிதத்தின் விளிம்புவரை வந்துவிட்டிருந்தாள். முகம் இப்போது கட்டைவிரல் அளவு. என் பிள்ளை மேலயா கண்ணு வைக்கிற, சனியனே? வேலை போனால் மயிராச்சு என்று ரப்பரை எடுத்து அந்தக் கண்களை அழுத்தித் தேய்த்தாள்.

"அம்மா, இருட்டா இருக்கும்மா. லைட்டப் போடேன்."

"இதோ வர்றேன், ஒரு நிமிஷம்."

மூக்கு. தேய்த்தாள்.

"அம்மா, மூஞ்சி எரியுதும்..."

வாயையும் தேய்த்தாள்.

இருமல் நின்றது. அப்பாடா, ஒருவழியாகத் தூங்கிவிட்டாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை வழவழவென்று வெறும் தோல். கண் இல்லை. மூக்கு இல்லை. மூச்சுக்காக நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு கைகளும் வாயைத் தேடித் தோலைப் பிறாண்டின.

ஐயோ. நானேதான். என் கையாலேயே.

பென்சில். எங்கே பென்சில்? பிறந்ததிலிருந்து அவள் எதையும் வரைந்ததில்லை. மகளின் முகத்தில் வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு. கோணல். இன்னும் அழுத்தினாள். கோடு பிளந்தது. காற்று கீச்சென்று உள்ளே போனது.

"அம்மா," என்றது அந்தக் கோணல் வாய். "இப்ப கண்ணு."

அவள் மகளின் பிடரியை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பென்சில் முனையைக் கொண்டுபோனாள்.